மூன்றாம் மூலை நாற்காலி

சொந்த வீட்டில் சொந்தமாக ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தே தீருவது என்று அம்புரோஸ் மச்சாது முடிவெடுத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, ஆட்டுக்கறிக் குழம்பு முடிந்து, ஏப்பமும் முடிந்திருந்தது. பெரிய முடிவுகளை அவர் ஏப்பத்துக்குப் பிறகுதான் எடுப்பார்.

இதில் என்ன பெரிய முடிவு என்று கேட்பவர்கள் அந்த வீட்டைப் பார்த்ததில்லை.

அம்புரோஸ் வாலிபம் முழுவதையும் சரக்குக் கப்பல்களில் எலெக்ட்ரீஷியனாகக் கழித்துவிட்டு, நாற்பத்தேழாவது வயதில் தூத்துக்குடிக்குத் திரும்பி வந்தவர். அப்போதுதான் புதுத் துறைமுகம் திறந்திருந்தார்கள். அங்கேயே வேலையும் கிடைத்தது. தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிற வேலை. சிக்கலே அதுதான். வருஷத்துக்கு ஒரு மாதம் வந்து போகிற புருஷனுக்கென்று அமைந்து போன வீடு அது. அவர் தினமும் வருவார் என்று அந்த வீட்டில் யாரும் எதிர்பார்க்கவில்லை. சாமான்கள்கூட எதிர்பார்க்கவில்லை.

கூடத்தில் நாற்காலிகள் இல்லாமல் இல்லை. பிரம்பு நாற்காலி பங்குச் சாமியாருக்கு. சாமியார் வருஷத்தில் ஒரு நாள் வீடு மந்திரிக்க வந்து, ஒரு காப்பி குடிக்கிற நேரம் அதில் உட்காருவார். மீதி நாளெல்லாம் நாற்காலி காலியாக இருந்து அவரை நினைத்துக்கொண்டிருக்கும். மடக்கு நாற்காலி மாமியாருக்கு. மாமியார் ஆலந்தலையில் இருந்தார். நாற்காலி இங்கே இருந்தது. கைப்பிடி வைத்த நாற்காலியில் இஸ்திரிக்குப் போகவேண்டிய துணிகள் உட்கார்ந்திருந்தன. முக்காலி, தையல் மிஷினுக்கு வாழ்க்கைப்பட்டது. ஆகவே அம்புரோஸ் தாம் கப்பலிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்து, "எப்பக் கப்பல் ஏறுதீங்க?" என்று கேட்டார்கள்.

அவர் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள்ளேதான் அவருடைய விடுதலை இருந்தது. ஜப்பானில் கோபே துறைமுகத்தில் வாங்கிய ஸ்டீரியோ. ஒரு ஆம்பிளிபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர். பக்கத்தில் சாக்குச் சுற்றிக் கிடந்த இரண்டு மரப்பெட்டிகளில் இரண்டு ஸ்பீக்கர்கள். விற்ற ஜப்பான்காரன் விரலால் காற்றில் முக்கோணம் போட்டுக் காட்டியிருந்தான். இரண்டு மூலையில் இரண்டு ஸ்பீக்கர். மூன்றாம் மூலையில் கேட்கிறவன். மூன்று பக்கமும் ஒரே நீளம். கேட்கிறவன் மூன்றாம் மூலையை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் போச்சு.

மூன்றாம் மூலையில் மனிதன் எப்படி இருப்பான்? உட்கார்ந்துதான் இருப்பான். எதில் உட்காருவான்? அம்புரோஸ் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். பெண்டாட்டி புருஷனை எதிர்க்கலாம். முக்கோணத்தை எப்படி எதிர்ப்பாள்?

"ஏளா பிளாரன்ஸ், இங்கன வா. ஒரு விஷயம்."

குசினியிலிருந்து பதில் மட்டும் வந்தது. "குழம்புல உப்பு சரியாத்தான் இருந்துச்சு."

"குழம்பு இல்ல. ஸ்டீரியோ."

"அது எதுக்கு உள்ள மருந்து?"

"பாட்டுப் பெட்டிளா. இடது காதுக்கு ஒரு பெட்டி, வலது காதுக்கு ஒரு பெட்டி."

"மூக்குக்கு?"

அம்புரோஸ் பொறுமையாக இருந்தார். கப்பலில் இதைவிட மோசமான கேப்டன்களைப் பார்த்திருக்கிறார்.

பிளாரன்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நம்ம ரேடியோவுக்கு ஒத்தப் பெட்டிதான இருக்கு? இலங்கை ஸ்டேஷன் நல்லாத்தான கேக்கு?"

"அது ஒரே இடத்துல இருந்து வார சத்தம். இது அப்படி இல்ல. கச்சேரி நடக்க இடத்துல நாம போயி உக்காந்த மாதிரி இருக்கும். கித்தார் இந்தப் பக்கம், மேளம் அந்தப் பக்கம், பாடுதவ நட்ட நடுவுல."

"அம்புட்டுப் பேரும் நம்ம வீட்டுக்குள்ளயா?"

"ஆமா."

"செருப்பக் கழத்திப் போட்டுட்டு வரச் சொல்லுங்க."

அவர் முக்கோணத்தை விளக்கினார். இரண்டு தரம் விளக்கினார். கடைசியில் நாற்காலிக்கு வந்தார். "ஒரு நாற்காலி வாங்கணும். ஒண்ணே ஒண்ணு. ஏன்னா ஒருத்தருக்குத்தான் சரியாக் கேக்கும்."

பிளாரன்ஸ் யோசித்தாள். "ஒருத்தருக்கு மட்டுந்தானா?"

"ஒருத்தருக்கு மட்டுந்தான்."

"பக்கத்துல இருக்கவுகளுக்கு?"

"கேக்கும். ஆனா அது கணக்குல சேராது."

"சரி. வாங்குங்க."

அவ்வளவுதான். சண்டை இல்லை. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. நடுக்கடலில் காற்று சட்டென்று நின்றால் பாயை இறக்கிவிட்டு வானத்தைப் பார்க்கிற பரம்பரையில் வந்தவர் அம்புரோஸ். வீட்டுக்குள் அந்தப் பழக்கம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. சந்தோஷமாகப் போய்ச் சாய்வு நாற்காலி வாங்கிவந்தார்.

மறு சனிக்கிழமை வேலை தொடங்கியது. பக்கத்துக் கடை தாணுலிங்கம் அண்ணாச்சியிடம் வலை நூல் வாங்கி, கிழக்குச் சுவரில் இரண்டு ஸ்பீக்கர்களை வைத்து, நூல் பிடித்து அளந்து, தரையில் சாக்பீஸால் மூன்றாம் மூலையைக் குறித்தார். குறித்த இடத்தில் நாற்காலியைப் போட்டார். உட்காரப் போனார்.

"என்ன காரியம் செய்யுதீங்க?"

அரைகுறையாக உட்கார்ந்த நிலையில் நின்றார். "ஏன்?"

"பின்னால யாரு இருக்கா பாருங்க."

பின்னால் மாதா இருந்தாள். கூடத்தின் மேற்குச் சுவரில் சின்னப் பீடம். அதில் ஒன்றரை அடி உயரத்தில் மரச் சுரூபம். பிளாரன்ஸின் பாட்டனார் காலத்திலிருந்து அங்கே நிற்கிற மாதா.

"மாதாவுக்கு முதுகக் காட்டிக்கிட்டா உக்காருவீங்க? நல்லா இருக்கே கப்பல் படிப்பு."

"அப்ப நாற்காலியத் திருப்பிப் போட்டுக்கிடுதேன்."

"திருப்பினா பெட்டி ரெண்டும் முதுகுப் பக்கம்லா வரும்? காது முன்னால பாத்துல்லா இருக்கு?"

இது நியாயமான கேள்வி. அம்புரோஸ் தாடையைத் தடவினார். "மாதாவக் கொஞ்சம் இடம் மாத்தினா..."

"சாமியார் மந்திரிச்சு வச்ச சுரூபம். நீங்க மாத்துவீங்களோ?"

"சும்மா கேட்டேன்."

"மாதா நகர முடியாது. நாற்காலி மாதாவப் பாத்துத்தான் இருக்கணும். அப்ப எது நகரணும்?"

அம்புரோஸின் முகத்தில் வெளிச்சம் பரவியது. "பெட்டி நகரணும்! மாதாவுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு!"

"சமமாவா?"

"அச்சு அளவாச் சமமா. முக்கோணத்துக்கே அதுதான வேணும்!"

"நீங்க படிச்சவுக. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் பிளாரன்ஸ்.

பீடத்துக்கு வலது பக்கம் தேக்கு அலமாரி நின்றது. அதை உள் அறைக்குத் தள்ளித் தரச் சொல்லி வருஷாவருஷம் லீவில் வரும்போதெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். வருஷாவருஷம் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இப்போது விஞ்ஞானத்துக்காகத் தள்ளினார். இடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. இடது பக்கம் தையல் மிஷின். அது வெளிச்சம் வருகிற ஜன்னலுக்குப் போனது. டிரங்குப் பெட்டி பின்கட்டுக்குப் போனது. இஸ்திரித் துணிகள் எங்கே போயின என்று தெரியவில்லை. கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது. பேசினால் எதிரொலித்தது.

எதிரொலி ஸ்டீரியோவுக்கு ஆகாது. தாணுலிங்கம் அண்ணாச்சி நல்ல மனதோடு நாலு கோணிச்சாக்கு கொடுத்தார். சுவரில் தொங்கவிட்டார்கள். வற்றல் மிளகாய் வந்திறங்கிய சாக்கு. எதிரொலி நின்றது. தும்மல் நிற்கவில்லை. பிளாரன்ஸ் சாக்கைக் கழற்றிவிட்டு, கெட்டித் துணியில் நீலத் திரைச்சீலை தைத்து மாட்டினாள். அந்தத் துணியை அவள் எப்போதோ வாங்கி வைத்திருந்தாள்.

அடுத்தது அளவு பார்ப்பது. அம்புரோஸ் மூன்றாம் மூலையில் உட்கார்ந்து கேட்டார். இடது ஸ்பீக்கரைக் கொஞ்சம் உள்ளே திருப்ப வேண்டும் என்று பட்டது. எழுந்து போய்த் திருப்பினார். திரும்பி வந்து உட்காருவதற்குள் முன்னே எப்படிக் கேட்டது என்பது மறந்துவிட்டது. மறுபடி எழுந்தார். மறுபடி மறந்தார். காலையிலிருந்து மத்தியானம் வரை அவர் நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் நடந்த நடையில் ஓட்டப்பிடாரத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

"நான் வேணா உக்காந்து கேட்டுச் சொல்லுதேன். நீங்க தள்ளுங்க" என்றாள் பிளாரன்ஸ்.

"ஒனக்கு என்னளா தெரியும்?"

"காது ரெண்டு இருக்கு."

அம்புரோஸ் ஸ்பீக்கருக்குப் பின்னால் போனார். பிளாரன்ஸ் சாய்வு நாற்காலியில் சாய்ந்தாள். காலை நீட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிச் சாய்ந்து அம்புரோஸ் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது. ஆபத்தாக இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

அளவு பார்ப்பதற்கென்றே அந்த ஜப்பான்காரன் ஒரு ரெக்கார்டு கொடுத்திருந்தான். அதில் ஒரு வெள்ளைக்காரன் இடது ஸ்பீக்கரில் "லெப்ட்" என்றான். வலது ஸ்பீக்கரில் "ரைட்" என்றான். மறுபடி "லெப்ட்", மறுபடி "ரைட்".

"பட்டாளத்துக்கு ஆள் எடுக்கானா?"

"பேசாமக் கேளு. ரெண்டும் சமமாக் கேக்கா?"

"லெப்டுக்காரன் நல்லாச் சொல்லுதான். ரைட்டுக்காரனுக்குச் சளி."

"ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்ளா."

"அப்ப அங்கன போகும்போது சளி பிடிக்கி."

அம்புரோஸ் வலது ஸ்பீக்கரைப் பலகை வைத்து உயர்த்தினார். சளி போயிற்று. ஆனால் மேளச் சத்தம் வரும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்வதாக அவள் சொன்னாள். கண்ணாடிக்கு மக்குப் பூசினார். கதவுக் கீல் கிறீச்சிடுவதாகச் சொன்னாள். எண்ணெய் போட்டார். மேற்குச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் சத்தம் சொரசொரவென்று வருவதாகச் சொன்னாள். சுவரைப் பூசி வெள்ளையடித்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு அவள் கண்ணை மூடிக் கேட்டு, "இப்பப் பரவாயில்ல" என்பாள். அந்தப் பாராட்டுக்காக அம்புரோஸ் ஓட்டின் மேல்கூட ஏறினார்.

சத்தம் கேட்டுத் தாணுலிங்கம் அண்ணாச்சி வந்தார். அவருக்கு ரயில் ரெக்கார்டு போட்டுக் காட்டினார்கள். ரயில் இடது ஸ்பீக்கரில் புறப்பட்டு, கூடத்தைக் கடந்து, வலது ஸ்பீக்கருக்குள் போகும்.

"எப்படி அண்ணாச்சி?" என்றார் அம்புரோஸ்.

"நம்ம மீளவிட்டான் ஸ்டேஷன்ல நிக்கவே இல்லயே வே. மெயிலா இருக்குமோ?"

"ரயில் எந்தப் பக்கம் போச்சு? அதச் சொல்லுங்க."

"மணியாச்சிக்கு."

"அது இல்ல அண்ணாச்சி. இந்தக் கூடத்துல எந்தப் பக்கம்?"

அண்ணாச்சி நன்றாக யோசித்தார். "மணியாச்சி போனாப் பெறகு வடக்கயும் போகலாம், தெக்கயும் போகலாம். அங்கன இறங்கி மாறணும்."

கடைசியாக அம்புரோஸ் தம் பொக்கிஷத்தை எடுத்தார். ஒரு ஸ்பானிஷ்காரி கித்தாரோடு பாடிய பாட்டு. பாதி பாட்டு, பாதி மூச்சு. இருட்டிய பிறகு துறைமுக விடுதிகளில் பாடுகிற ரகம். அதை மூன்றாம் மூலையில் தனியாக உட்கார்ந்து கேட்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்துகொண்டு கேட்டார்: "பாடுதவ எங்கன நிக்கா?"

"அலமாரி நின்ன இடத்துல" என்றாள் பிளாரன்ஸ் நாற்காலியிலிருந்து.

விரலளவு தள்ளினார். "இப்ப?"

"நடந்து வாரா."

"இப்ப?"

"ஜன்னல் பக்கம் போயிட்டா. கூட்டியாங்க."

வலது ஸ்பீக்கருக்கு ஓடி அதை இம்மியளவு திருப்பினார். "இப்ப?"

நிமிர்ந்து பார்த்தார். பிளாரன்ஸ் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"என்னளா?"

"நட்ட நடுவுல நிக்கா."

"அப்படிச் சொல்லு!"

"நட்ட நடுவுல யாரு இருக்கா, பாருங்க!"

பார்த்தார். மாதா இருந்தாள்.

"மாதா பாடுதா" என்றாள் பிளாரன்ஸ். "சேசு மரி சூசை! மாதா பெருமூச்சு விடுதா!"

அம்புரோஸ் ஓடிவந்து அவளை எழுப்பிவிட்டு மூன்றாம் மூலையில் உட்கார்ந்தார். உண்மைதான். உலகத்தின் எந்தத் துறைமுகத்திலும் இவ்வளவு துல்லியமான ஸ்டீரியோவை அவர் கேட்டதில்லை. குரல் அச்சுப் பிசகாமல் மாதாவின் உதட்டில் நின்றது. மாதா கண்ணைத் தாழ்த்தி, கையைக் கூப்பி, மாலுமிகளுக்கான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள்.

பிளாரன்ஸ் போய் ஊசியைத் தூக்கினாள்.

"இந்தப் பாட்டு இனிமே இந்த வீட்டுல கிடையாது."

"பெட்டியக் கொஞ்சம் தள்ளி வச்சிருதேன். அவ ஜன்னல் பக்கம் நின்னு பாடட்டும்."

"தெருவப் பாத்துக்கிட்டா?"

"அப்ப குசினிப் பக்கம்."

"என் குசினியிலயா? அவளா?" பிளாரன்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "நீங்க எங்கன நிக்க வச்சாலும் அவ என் வீட்டுலதான நிக்கா?"

அம்புரோஸ் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பாடுகிறவள் இல்லாத பாட்டு என்று ஒன்று இல்லை. ரெக்கார்டை எடுத்து உறையில் போட்டார்.

பிளாரன்ஸ் உள்ளே போய் ஒரு ரெக்கார்டைக் கொண்டுவந்தாள். மாதா பாட்டு. உறை பழசாகி, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. ரெக்கார்டு பிளேயரே இல்லாமல் இருந்த வீட்டில் பழைய ரெக்கார்டு எப்படி வந்தது என்று அம்புரோஸ் கேட்டிருக்க வேண்டும். அவர் உறையைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இது மோனோளா. ஸ்டீரியோ இல்ல."

"அப்படின்னா?"

"ரெண்டு பெட்டியிலயும் ஒரே சத்தந்தான் வரும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு பிரியாது. எல்லாம் நடுவுலயே நிக்கும்."

"அங்கன இங்கன நகராதா?"

"நகரவே நகராது."

"அப்ப அதப் போடுங்க" என்று சொல்லி, பிளாரன்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்ததும் அவள் எதிர்வீட்டு மெட்டில்டாவைக் கூப்பிட்டாள். மெட்டில்டா அந்தத் தெருவில் செல்வாக்கான பெண். அவள் வீட்டுக் கூடம் பெரிசு, மின்விசிறி உண்டு. அதனால் அக்டோபர் மாதம் முழுக்கத் தெருப் பெண்கள் கூடிச் செபமாலை சொல்லுவது எப்போதும் அவள் வீட்டில்தான். ஒரு வருஷமாவது தன் வீட்டு மாதா முன்னால் சொல்ல வேண்டும் என்று பிளாரன்ஸ் கேட்டுப் பார்த்திருக்கிறாள். 'அலமாரிக்கும் மிஷினுக்கும் நடுவுல நாங்க எங்க முழங்கால் போட ஏளா?' என்று மெட்டில்டா கேட்டிருக்கிறாள்.

இப்போது மெட்டில்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரெக்கார்டுதான? எனக்குத் தெரியாதாக்கும்?"

பாட்டுத் தொடங்கியது. மெட்டில்டாவின் கை தானாக முக்காட்டைத் தேடியது. முடிந்ததும் எழுந்தாள். பக்கத்தில் நின்று பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தாள். "ரெக்கார்டுதான். ஆனாலும் மாதாவே நின்னு பாடுத மாதிரில்லா இருக்கு."

"அந்த நாற்காலியில உக்காந்தாத்தான் அப்படிக் கேக்கும் மைனி. ஒருத்தருக்குத்தான் கேக்கும். இவுக கணக்குப் போட்டு வச்சிருக்காக" என்றாள் பிளாரன்ஸ். பிறகு வெள்ளையடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு, "கூடமும் இப்பக் காலியாத்தான் இருக்கு" என்றாள்.

அக்டோபர் பிறந்தது. செபமாலை தெருவைக் கடந்து இந்த வீட்டுக்கு வந்தது. மெட்டில்டா தன் மேசை விசிறியைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். செபமாலை முடிந்ததும் மாதா பாட்டு. ஒரு பெண்ணுக்கு ஒரு பாட்டு என்று நாற்காலி. நேற்று யார், இன்று யார் என்பதைப் பிளாரன்ஸ் மனதிலேயே வைத்திருந்தாள். திரேஸ்புரத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்கள்கூட, தாய் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். இரண்டு ஸ்பீக்கர்கள் மேலும் மெழுகுவர்த்தி ஏறியது. பூ ஏறியது.

பகலில் அம்புரோஸுக்கு வேலை. சாயங்காலம் செபமாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலந்தலையிலிருந்து மாமியார் வந்து, மடக்கு நாற்காலியை மறந்து, சாய்வு நாற்காலியிலேயே தூங்கிப்போனார். ஆள் இல்லாத நேரத்தில் மாதாவுக்கு முன்னால் ஸ்பானிஷ்காரியைக் கூப்பிடுகிற தைரியம் அம்புரோஸுக்கு இல்லை. அவர் தெருவில் நின்றார்.

"என்னவே, ஒம்ம வீட்டுல பாட்டு நடக்கு, நீரு தெருவுல நிக்கீரு?" என்றார் தாணுலிங்கம் அண்ணாச்சி, கடை வாசலில் இருந்து.

"இங்கன இருந்தே எனக்குக் கேக்கு அண்ணாச்சி."

"ரெண்டு பெட்டியுமா?"

"ஜன்னல் பக்கத்துப் பெட்டி மட்டும்."

"அடடா. பாதிப் பாட்டுதானா?"

"மோனோ அண்ணாச்சி. பாதியும் முழுசும் ஒண்ணுதான்."

அண்ணாச்சி அதை நிறுத்துப் பார்த்தார். "அப்படின்னா ஒத்தப் பெட்டியே போதுமேவே? ரெண்டு எதுக்கு?"

அம்புரோஸ் அண்ணாச்சியைக் கட்டிக்கொள்ளாத குறை. ஆம்பிளிபயரில் ஒரு குமிழ் உண்டு. இடது பக்கம் திருகினால் இடது ஸ்பீக்கர் மட்டும் பாடும். வலது பக்கம் திருகினால் வலது மட்டும். ஒத்தப் பெட்டி பாடினால் குரல் அந்தப் பெட்டிக்குள் போய்விடும். நடுவில் யாரும் நிற்க மாட்டார்கள். மாதா பாட மாட்டாள். மாதா பாடாவிட்டால் நாற்காலிக்கு என்ன மவுசு? வெறும் நாற்காலி. அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். வாங்கியவர்கூட உட்காரலாம்.

மறுநாள் பெண்கள் வருவதற்கு முன்னால் குமிழை வலது கோடிக்குத் திருகி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார்.

செபமாலை முடிந்தது. அன்று முதல் முறை மெட்டில்டாவுக்கு. உட்கார்ந்தாள். கேட்டாள். எழுந்தாள்.

"ஏளா பிளாரன்ஸ், மாதா எங்க?"

"அங்கனதான மைனி நிக்கா?"

"பாட்டு குசினிப் பக்கம்லா கேக்கு?"

கூடம் சலசலத்தது. பிளாரன்ஸ் தானே உட்கார்ந்து கேட்டாள். அவள் ஆம்பிளிபயரைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தாள். வாசலில் அம்புரோஸ், மழை வருமா என்று வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஆமா மைனி" என்றாள் பிளாரன்ஸ். "திரும்பிக்கிட்டா."

"எதுக்காம்?"

"பின்ன? ஊரெல்லாம் உள்ள முழங்கால் போடுது. வீட்டு ஆம்பள வாசல்ல நிக்காக. கரைக்கு வந்த நாள்ல இருந்து ஒரு நாள் செபமாலை சொல்லியிருப்பாகளா? கேளுங்க."

அத்தனை முக்காடுகளும் வாசலுக்குத் திரும்பின.

"தம்பி, உள்ள வாங்க" என்றாள் மெட்டில்டா.

"எனக்கு முழங்கால் வலி மைனி."

"எங்க முழங்கால் எல்லாம் என்ன இரும்பா? வாங்க."

வந்தார். நிறைந்த கூடத்தில் இடம் ஒரே இடத்தில்தான் இருந்தது. பீடத்தின் ஓரமாக, ஆம்பிளிபயர் பக்கத்தில். அந்த இடம் எப்படிக் காலியாக இருந்தது என்பது இன்னொரு கேள்வி. முழங்கால் போட்டார்.

"அஞ்சு பத்தும் மறுபடி முதல்ல இருந்து சொல்லணும். அவுகளே சொல்லட்டும். நாம பதில் சொல்லுவோம்" என்றாள் பிளாரன்ஸ்.

அம்புரோஸ் சொன்னார். கப்பலில் செபமாலைப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் பத்தில் மந்திரம் பதினொன்றாகிவிட்டது. இரண்டாவதில் குறைந்தது. ஒவ்வொரு தப்புக்கும் மெட்டில்டா இருமினாள். மூன்றாவது பத்தில் முழங்காலுக்கு அடியில் சிமெண்டுத் தரையின் மணல் மணலாகத் தெரிய ஆரம்பித்தது. இப்படியே விட்டால் நாளையும் மாதா குசினிப் பக்கம் இருப்பாள். நாளையும் அஞ்சு பத்து. நான்காவது பத்தில், எல்லோரும் கண்ணை மூடியிருந்தபோது, அம்புரோஸின் இடது கை மெல்ல நகர்ந்து குமிழை நடுவுக்குத் திருகியது.

ஐந்தாம் பத்தும் முடிந்தது. பாட்டுப் போட்டார்கள்.

"வந்துட்டா!" என்றாள் மெட்டில்டா நாற்காலியிலிருந்து. "நட்ட நடுவுல வந்து நிக்கா!"

"மாதா எரக்கமுள்ளவ" என்றாள் பிளாரன்ஸ்.

"தம்பி செபத்துக்குத்தான் வந்திருக்கா. நாளைக்கும் வந்துருங்க தம்பி. அந்த இடம் ஒங்களுக்குத்தான்."

பெண்கள் போனார்கள். பிளாரன்ஸ் பாய்களைச் சுருட்டினாள். அம்புரோஸ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியும்."

"என்னது?"

"குமிழு."

"எந்தக் குமிழு? மேல் வரிசையில ரெண்டாவதா?"

அம்புரோஸ் தேய்ப்பதை நிறுத்தினார். அவர் குரல் இறங்கியிருந்தது. "பிளாரன்ஸ், அது நான் வாங்கின நாற்காலிளா. இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு இடம் வேணும்னு வாங்கினேன். ஒரே ஒரு நாள். ஒரே ஒரு பாட்டு. மாதா பாட்டே இருந்துட்டுப் போகட்டும். நான் அதுல உக்காந்து கேக்கணும்."

பிளாரன்ஸ் பாயைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு கனிவு வந்தது.

"உக்காருங்க. யாரு வேண்டாம்னா?"

அம்புரோஸ் உட்கார்ந்தார். சாய்ந்தார். காலை நீட்டினார். வெள்ளைச் சுவர், நீலத் திரை, அலமாரி இல்லாத கூடம். மூன்றாம் மூலையிலிருந்து பார்த்தால் வீடு நன்றாகத்தான் இருந்தது.

"பாட்டப் போடு."

"எனக்கு அதெல்லாம் போடத் தெரியுமா? ஊசி கீசி உடைஞ்சு போச்சுன்னா?"

இத்தனை நாள் பாட்டுப் போட்டது யார் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்புரோஸ் எழுந்து போனார். ரெக்கார்டைத் துடைத்தார். ஊசியை இறக்கினார். சத்தத்தை அளவாக வைத்தார். திரும்பினார்.

பிளாரன்ஸ் மூன்றாம் மூலையில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடியிருந்தாள்.

"ஏளா..."

"அங்கனயே இருங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல். "படிச்சவுக பெட்டிகிட்டத்தான் இருக்கணும். கேக்குததுக்கு நாங்க இருக்கோம்."